ரொட்டிக்கு ஒரு கத்தி

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் குடியிருந்துகொண்டு ரொட்டிக் கத்தியைப் பற்றி எழுதப் புகுந்தால், "இந்த வாத்தியாருக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று நேயர்கள் கேட்பது நியாயந்தான். நம் வீதியில் சமையலறைக்குள் கத்தி என்பது நுழைந்ததே சமீப காலத்தில். காய் நறுக்க அரிவாள்மணை, தேங்காய் உடைக்க அரிவாள், பாக்குச் சீவப் பாக்குவெட்டி என்று நம் முன்னோர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுதம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றுள் எதுவும் ரொட்டிக்காக ஏற்பட்டதன்று.

அதற்காக ரொட்டியே நமக்கு அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதியை ஸேவித்தவர்களுக்குத் தெரியும். தில்லி சுல்தானின் குமாரத்தி அரங்கனிடத்தில் மனத்தைப் பறிகொடுத்தாள் என்ற கதையை ஒட்டி, அங்கே கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகின்றன. ஆனால் அது தட்டையான ரொட்டி. விரலால் கிள்ளினால் போதும். நாம் சொல்ல வந்தது, மாவைப் புளிக்கவைத்து, அடுப்புக்குள்ளே வைத்துச் சுட்டு, செங்கல்லைப் போல வெளியே எடுக்கிறார்களே, அந்த ரொட்டியை. இலங்கைத் தமிழர்கள் போர்த்துகீசியரிடம் கற்ற சொல்லால் அதைப் 'பாண்' என்கிறார்கள். அந்தச் சொல் நமக்கும் வாய்த்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமிருந்திராது.

அந்த ரொட்டி காவிரிக்குத் தெற்கே வெகு காலமாக உண்டு. கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தபோதே அது திருச்சிராப்பள்ளிக்கு வந்துவிட்டது. பிறகு தென்னிந்திய ரயில்வேயின் தலைமை அலுவலகம் திருச்சியில் ஏற்பட்டது. 1928-ல் நாகப்பட்டினத்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு மாறியபோது, அதனோடு ரயில்வே காலனியும், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும், அவர்களுடைய காலைப் பலகாரமும் சேர்ந்தே வந்தன. ஆனால் ஆற்றைக் கடந்து இக்கரைக்கு, அதிலும் நம் போன்றவர்கள் வீட்டுக்கு, வருவதற்கு ரொட்டிக்கு ஒரே ஓர் அநுமதிச் சீட்டுத்தான் இருந்தது. அது காய்ச்சல். ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த 1987-ம் வருஷம் நாம் காய்ச்சலில் படுத்திருந்தோம். "பாலும் ரொட்டியும் கொடுங்கள்" என்றார் டாக்டர். ரொட்டி வந்தது, ஆனால் ரேழியோடு நின்றது. மருந்துச் சீசாவுக்குப் பக்கத்தில் அதற்கு இடம். நாம் எழுந்து நடமாட ஆரம்பித்த தினத்தில் மீதியிருந்த துண்டுகள் வாசலோடு வெளியேறின. சமையலறை வாசற்படியை அது மிதிக்கவேயில்லை.

அந்த நாளில் கத்திப் பிரச்சினையும் எழவில்லை. வந்தது துண்டு போட்ட ரொட்டி. ரொட்டியை இயந்திரத்தால் துண்டு போட்டு விற்கும் வழக்கம் 1928-ல் அமெரிக்காவில் மிஸ்ஸூரி மாகாணத்துச் சில்லிகாதி என்னும் சிற்றூரில் தொடங்கியது. அங்குள்ள ஜனங்கள் பதினைந்தே வருஷத்தில் அதற்கு எவ்வளவு அடிமையாகிவிட்டார்கள் என்றால், யுத்தச் சிக்கனத்தை முன்னிட்டு 1943 ஜனவரியில் சர்க்கார் அதைத் தடை செய்ததும் வீட்டுக்கு வீடு புலம்பல் கிளம்பிற்று. மார்ச் மாதத்திலேயே தடையை எடுத்துவிட்டார்கள். கத்தியால் ரொட்டி அறுக்கும் கைவரிசை அதற்குள் மறந்துபோயிருந்தது! நம் தேசத்தில் 1965-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய மாடர்ன் பேக்கரீஸ் துண்டு ரொட்டியை நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கிற்று; 2000-ல் அந்த ஸ்தாபனம் தனியார் வசம் போயிற்று. ஆக, ரொட்டி நம்மிடம் வந்த வழியிலேயே கத்தி விடுபட்டுப்போய்விட்டது.

நிற்க. 2020-ல் கொரோனா நோய்க்காக ஊரடங்கு போட்டார்கள் அல்லவா? அப்பொழுது பள்ளிக்கூடமும் இல்லை, கடைத் தெருவும் இல்லை. நம் இல்லாள் கோதுமை மாவையும் ஈஸ்டையும் வைத்துக்கொண்டு ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். முதல் நான்கு ரொட்டிகளைப் பற்றி எழுதுவது குடும்ப ஒற்றுமைக்கு உகந்ததன்று. ஐந்தாவது நன்றாக வந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு இருமுறை நம் வீட்டில் ரொட்டி மணக்கிறது. முட்டை கலந்திருக்குமோ, எந்தப் பாத்திரத்தில் பிசைந்தார்களோ என்று கடை ரொட்டியை ஆயுள் முழுவதும் விலக்கிவைத்த நம் அன்னையாரும், மருமகள் கையால் சுட்டது என்பதால் ஒப்புக்கொண்டு, இரவில் பாலில் நனைத்துச் சாப்பிடலானார். பற்கள் அவரை விட்டுப் போய்விட்டபடியால் அது அவருக்கு மிகவும் ஸௌகரியமாகவும் இருந்தது. ரொட்டியை நாங்கள் கையாலேயே பிய்த்துக்கொண்டோம். கத்தியின் அவசியம் அப்பொழுதும் தோன்றவில்லை.

சென்ற வருஷம் அன்னையாரின் முழங்கால் கைவிட்டது. "தரையில் உட்காரவே கூடாது" என்று வைத்தியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் தரையில் உட்காராமல் அரிவாள்மணையில் காய் நறுக்குவது எப்படி? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், ஐம்பது வருஷத்துக்கு மேல், இந்த வீட்டில் நறுக்கப்பட்ட ஒவ்வொரு காயும் அவர் கையால் நறுக்கப்பட்டது. வாழைப்பூவை ஆய்ந்து அவர் நறுக்கினால் பொடிப்பொடியாகக் குன்றிமணியைப் போல விழும். பீன்ஸ் நறுக்கினால் எண்ணி வைத்தாற்போல் ஒரே அளவாயிருக்கும். வீட்டு விவகாரங்கள் முழுவதும் அந்த அரிவாள்மணைக்கு முன்னால்தான் பேசித் தீர்க்கப்படும். அது பரணுக்குப் போயிற்று. இல்லாள் மேடையில் நின்றபடி கத்தியால் நறுக்கிக்கொண்டாள். அன்னையார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது நமக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு நாள் அவராகவே, "அந்த ரொட்டியையாவது இங்கே கொண்டா, நான் நறுக்கறேன்" என்றார். மேஜைமேல் ரொட்டியை வைத்து, காய் நறுக்கும் கத்தியைக் கொடுத்தோம். கத்தி கூர்மையானதுதான். அவர் வைத்து அழுத்தினார். ரொட்டி ஆடி வெள்ளத்தில் காவிரிக் கரை சரிவதுபோல் அமுங்கி ஒரு பக்கமாகச் சரிந்தது. இன்னொரு தரம் முயன்றார். மேல் தோல் கிழிந்து, உள்ளே இருந்தது களியாகத் திரண்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கை போயிடுத்துடா" என்றார்.

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தி வருகிற நமக்கு ஒன்று தெரியும். கணக்குத் தப்பாக வந்தால் சில சமயம் கணக்குப் போட்டவன்மேல் குற்றம் இருக்கும். சில சமயம் கேள்வியிலேயே பிழை இருக்கும். இது இரண்டாவது வகை. அன்றிரவே இந்த விஷயத்தில் இறங்கினோம்.

ரொட்டியின் தேகத்தில் ஒன்றுக்கொன்று பகையான இரண்டு குணங்கள் இருக்கின்றன. மேலே முறுகிய தோல். உள்ளே காற்றறைகள் நிறைந்த பஞ்சு. நேரான விளிம்புள்ள கத்தி தோலின்மேல் முழு நீளமும் படிகிறது. நாம் கொடுக்கிற பலம் அந்த நீளம் முழுவதிலும் பரவிவிடுவதால் தோல் உடனே அறுபடுவதில்லை. தோல் அறுபடுவதற்கு முன் அடியிலுள்ள பஞ்சு அமுங்கிவிடுகிறது. பல் வைத்த கத்தியில் பலம் முழுவதும் பல்லின் நுனிகளில் சேர்கிறது. நுனி தோலில் இறங்கிவிடும். அதன் பிறகு முன்னும் பின்னும் இழுத்தால் போதும், அழுத்த வேண்டியதே இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. பலகையில் போய் மோதுவது பல்லின் நுனி மாத்திரந்தான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவேயுள்ள பள்ளங்கள் பலகையைத் தொடாமையால் அவற்றின் கூர் நெடுங்காலம் மழுங்காது.

கத்தியின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டியை அறுத்தால் எந்தக் கத்தியும் தோற்கும். உள்ளே ஆவி அடங்கி, மாவு இறுகுவதற்குச் சாவகாசம் கொடுக்க வேண்டும். நம் வீட்டு ரொட்டிக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறோம். மணம் வந்துவிட்ட பிறகு இரண்டு மணி நேரம் குழந்தைகளைத் தடுத்து வைப்பது எப்படி என்பதற்கு நம்மிடம் யோசனை இல்லை.

முதலில் வாங்கிய கத்தி தெருவோரத்தில் பரப்பி வைத்திருந்த ஒரு கடையில் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. பார்வைக்குப் பளபளப்பு. பற்கள் ஊசி ஊசியாக நெருக்கமாக இருந்தன. அலகு பனையோலை மாதிரி வளைந்தது. இரண்டு வாரத்தில் கைப்பிடி ஆடிற்று. மூன்றாவது வாரம் பல்லும் மழுங்கிற்று. சைக்கிளில் சாணைக் கல்லைப் பொருத்திக்கொண்டு நம் வீதிக்கு வருகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸார், இது பல்லு வச்ச கத்தி. கல்லுல காட்டினா பல்லு போயிடும். அப்புறம் வெறும் கத்திதான். காசு வாங்கிட்டு உங்களை ஏமாத்த எனக்கு மனசில்லை" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பல் வைத்த கத்தியைச் சாணை பிடிப்பதானால் மெல்லிய உருளைக் கல்லால் ஒவ்வொரு பள்ளமாகத் தீட்ட வேண்டும். அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? ஆகையினால் இந்த ஒரு கத்தியின் விஷயத்தில் அதிக விலை கொடுப்பது புத்திசாலித்தனமன்று என்பது நம் அபிப்பிராயம். காய் நறுக்கும் கத்திக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அதைத் தீட்டித் தீட்டி இருபது வருஷம் வைத்துக்கொள்ளலாம். ரொட்டிக் கத்தி சில வருஷம் உழைத்துவிட்டு விடைபெற்றுக்கொள்ளும் ஜாதி. மிகவும் மட்டமாகவும் இருக்கக் கூடாது, மிகவும் உசத்தியாகவும் வேண்டாம்.

அந்த உதவாக்கரைக் கத்தியாலும் ஒரு நன்மை விளைந்தது. அதை மேஜைமேல் பார்த்த அன்னையார் விரலால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது கருக்கருவான்னா! இதைப் போட்டு யாராவது அழுத்துவாளோ? இழுக்கணும்" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்னையாரின் பிறந்தகம் லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமம். நெல் அறுக்கும் கருக்கரிவாளைப் பார்த்து வளர்ந்தவர். பனை மட்டையின் கருக்கைப் போல ரம்பப் பல் உள்ள அந்த அரிவாளால் தாளை வெட்டுவதில்லை; கதிரை ஒரு கைப்பிடி சேர்த்துப் பிடித்து, அடியில் கொடுத்து, தன்பக்கமாக இழுப்பார்கள். நெல் தாளும் ரொட்டியைப் போலத்தான்: வெளியே வழவழப்பான கெட்டித் தோல், உள்ளே வெறும் குழல், வெறும் விளிம்பு வழுக்கும், பல் பிடித்துக்கொள்ளும். கொல்லர்கள் உளியால் பல் கொத்துவதும் ஒரு பக்கத்தில்தான். சில்லிகாதிக்கும் ஷெபீல்டுக்கும் போய் நாம் தேடிய சூத்திரம் லால்குடி வயலில் கிடந்திருக்கிறது. இப்பொழுது அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டபடியால் கருக்கரிவாள் வெகு வீடுகளில் எரவாணத்தோடு நின்றுவிட்டது.

எனவே நல்ல கத்தியாக ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தோம். மருமான் ஒருவன் தன் டெலிபோனில் ஜெர்மனி தேசத்து ஸோலிங்கன் கத்தி ஒன்றைக் காட்டினான். ஸோலிங்கன் என்ற பெயரை வேறு ஊரார் தங்கள் கத்திக்கு இட்டுக்கொள்ளக் கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம் செய்திருக்கிறார்கள். அவ்வளவு கியாதி! விலையைப் பார்த்தோம். பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளத்தில் ரொட்டி அறுக்க அவ்வளவு ரூபாயா? டெலிபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இரும்பின் விஷயத்தில் மாத்திரம் ஒரு சோதனை நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பரிசோதனைச் சாலையிலிருந்து ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டோம். (திங்கட்கிழமை திருப்பி வைத்துவிட்டோம் என்பதைத் தலைமையாசிரியருக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.) பாத்திரம் செய்கிற எவர்சில்வரில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். அதைக் காந்தம் இழுக்காது. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கத்திக்கு வேண்டிய கடினம் பெறாது. சாம்பார் வாளிக்கு அது உத்தமம், கத்திக்கு ஆகாது. கத்திக்கு வேண்டியது குரோமியமும் போதிய கரியும் சேர்ந்து, காய்ச்சித் தோய்த்தால் இறுகக்கூடிய துருப்பிடிக்காத உருக்கு. 1913-ல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழலுக்கு நல்ல உருக்குத் தேடிப் புறப்பட்டு, கடைசியில் சாப்பாட்டு மேஜைக் கத்திக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த ரகந்தான். அதைக் காந்தம் இழுக்கும். ஆகவே காந்தம் ஒட்டிவிட்டால் மாத்திரம் நல்ல கத்தி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒட்டாவிட்டால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

உருக்கைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் காவிரியில் வந்து கலக்கிற நொய்யலாற்றின் கரையில், ஈரோடு ஜில்லாவிலுள்ள கொடுமணலில், பழங்காலத்து இரும்பு உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் 'உக்கு', 'உருக்கு' என்ற சொற்களே ஐரோப்பியர் நாவில் 'வூட்ஸ்' ஆகிவிட்டன என்பர். அந்த உருக்கின் ரகசியத்தை அறிவதற்கு மைக்கேல் பாரடே 1819-ல் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதினார். அப்படிப்பட்ட நாட்டில் பிறந்து, ரொட்டிக் கத்திக்கு ஜெர்மனிக்குப் போவதாவது என்ற ரோசமும் நமக்கு உள்ளூரக் கொஞ்சம் இருந்தது. விலை அதிகம் என்பதைவிட இது சொல்லிக்கொள்வதற்கு கௌரவமான காரணமல்லவா?

சனிக்கிழமை காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரத்தில் இறங்கி, பெரிய கடை வீதிக்கு நடந்தோம். பையில் முதல் நாள் சுட்ட முழு ரொட்டி ஒன்று துண்டில் சுற்றி இருந்தது. சேலை வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். குடம் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கிறார்கள். கத்தி வாங்குகிறவன் மாத்திரம் அறுத்துப் பார்க்காமல் வாங்குவானேன்?

பாத்திரக் கடை முதலாளி ரொட்டியைக் கண்டதும், "என்ன ஸார், ரொட்டி விக்க வந்தீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். சிரித்தார், ஆனால் பலகை ஒன்றை எடுத்துப் போட்டு, இருந்த ஐந்தாறு ரொட்டிக் கத்திகளையும் பரப்பினார். இரண்டைக் காந்தமே தள்ளிவிட்டது. ஒன்று ஆறே அங்குலம். ரொட்டியின் அகலம் நாலரை அங்குலம் இருக்கும்போது, ஆறு அங்குலக் கத்தியை இழுப்பதற்கு இடம் எங்கே? அலகு எட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கனத்தைத் தாங்கும் கைக்குப் பத்து அங்குலமும் நல்லதே. அன்னையாரின் கையை உத்தேசித்து நாம் எட்டோடு நின்றோம்.

மிஞ்சிய மூன்றையும் அறுத்துப் பார்த்தோம். முதலாவது கத்தியின் பற்கள் முக்கோணமாகக் கூரானவை. தோலில் நன்றாக இறங்கிற்று. ஆனால் உள்ளே பஞ்சைப் பிய்த்து, முதலாளியின் கணக்குப் புத்தகத்தின்மேல் தூளாய்ப் பொழிந்தது. கல்லைப்போல் தோல் முறுகிய ரொட்டி சுடுகிறவர்களுக்கு அது ஏற்கும். இரண்டாவதற்குப் பற்கள் அலையலையாக, அழகாக இருந்தன. ஆனால் அலகு மெலிவு. நேராக ஆரம்பித்த வெட்டு, பாதி வழியில் வளைந்து, அடியில் வேறெங்கோ போய் முடிந்தது. மூன்றாவதுக்கும் அலைப் பற்களே. அங்குலத்துக்கு மூன்று நான்கு இருக்கும். அலகு விறைப்பாயிருந்தது. அதன் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓடி, மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. கைப்பிடி அலகைவிடச் சற்று மேலே தூக்கி அமைந்திருந்தபடியால், கடைசி இழுப்பில் விரல் முட்டிகள் பலகையில் இடிக்கவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. அடி வாங்கின பிறகு கவனிக்கிறார்கள். துண்டு காகிதம் கத்தரித்தாற்போல் விழுந்தது. 380 ரூபாய் என்றார், 350-க்கு முடிந்தது. அறுத்த துண்டுகளைக் கடைச் சிப்பந்திகள் டீயோடு முடித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில், நம் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியரைப் பஸ்ஸில் சந்தித்தோம். பையில் என்ன என்று கேட்டவர், "ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட கத்திக்கு ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு, தெரியுமா?" என்று பயமுறுத்தினார். வீட்டு உபயோகத்துக்கென்றே செய்த கத்திகளை அந்த விதி விலக்கி வைத்திருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. நாமே பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டோம். எப்படியும் நம்முடையது எட்டு அங்குலம். இருந்தாலும் அம்மாமண்டபம் வரையில் பையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

கத்தி வந்த அன்று ஒரு விசித்திரத்தைக் கண்டோம். இந்த ரகக் கத்திகளுக்குப் பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் பல் தீட்டியிருக்கும். அதுவும் வலது கைக்காரர்களை உத்தேசித்து. நம் இல்லாளோ இடது கைப் பழக்கமுள்ளவள். அவள் எவ்வளவு கவனமாக அறுத்தாலும் துண்டு மேலே மெல்லியதாகவும் கீழே தடித்தும் கோணிக்கொண்டது. இடது கைக்காரர்கள் வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது நலம். நாம் பார்க்கத் தவறிவிட்டோம். இல்லாள் கத்தியை மாமியாரிடம் நீட்டினாள். "அம்மா, இது எனக்குச் சரிப்படலை. நீங்களே பாருங்கோ" என்றாள். அவள் குரலில் ஏமாற்றம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அன்னையார் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போடச் சொன்னார். பலகைக்கு அடியில் நனைந்த துணி ஒன்றை விரிக்கச் சொன்னார், நகராமலிருக்க. எவர்சில்வர் தட்டின்மேல் வைத்து அறுப்பதா என்று கேட்டதற்கு நம்மைப் பார்த்த பார்வையே போதுமானதாயிருந்தது, மரப்பலகைதான். ரொட்டியை இடது கையால் அணைத்துக்கொண்டு, விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொண்டார். கத்தியை வைத்தார். அழுத்தவில்லை. ஒரு நீள இழுப்பு, இன்னொன்று, மூன்றாவதில் துண்டு பலகைமேல் சாய்ந்தது. அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"கொஞ்சம் தடிச்சுப் போச்சு" என்றார்.

இரண்டாவது துண்டு அவ்வளவு தடிப்பில்லை. நான்காவதிலிருந்து எல்லாம் ஒரே அளவு. குழந்தைகள் தட்டோடு மேஜையைச் சுற்றி நின்றார்கள். பேத்தியிடம் அவள் பரீட்சையைப் பற்றியும், நம்மிடம் தண்ணீர் வரியைப் பற்றியும், இல்லாளிடம் எதிர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் ஒரே மூச்சில் விசாரித்துக்கொண்டே, அன்னையார் ரொட்டி முழுவதையும் அறுத்து முடித்தார். முறுகலான ஓரத் துண்டை, "உனக்குத்தான் பல் இருக்கு" என்று நம்மிடம் கொடுத்தார்.

கத்தியை மற்றப் பாத்திரங்களோடு தொட்டியில் போடக் கூடாது, பல் கெட்டுப்போகும் என்று அவரே உத்தரவிட்டு, தாமே கழுவித் துடைத்து, பழைய காலண்டர் அட்டையை மடித்து உறை ஒன்றும் செய்வித்துக்கொண்டார். பிறகு நம்மைக் கூப்பிட்டு, "நாளைக்கு வரச்சே அரைக் கிலோ தக்காளி வாங்கிண்டு வா, பழுத்ததா. இதுலே நன்னா வரும்போல இருக்கு" என்றார்.